ஓரத்துப் பல் சொல்லும் அளவு

விராலிமலை என்றால் முருகன் நினைவுக்கு வருவார். அவருக்குப் படைக்கும் சுருட்டும், மலையைச் சுற்றித் திரியும் மயில்களும் கூடவே வரும். திருச்சி - மதுரைச் சாலையில், புதுக்கோட்டை மாவட்டத்து எல்லைக்குள் இருக்கும் அந்த ஊரை ஒட்டிய பூதகுடியில் பவர் ஸ்டியரிங் செய்கிறார்கள் என்பது சுற்றுவட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. 1929இல் சென்னையில் மோட்டார் வண்டிகளும் உதிரிபாகங்களும் விற்கத் தொடங்கிய ரானே நிறுவனம் 1960இல், முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனையான டை ராட் எண்ட் உற்பத்தியில் இறங்கியது. பவர் ஸ்டியரிங்குக்காக 1987இல் அமெரிக்காவின் டிஆர்டபிள்யூ நிறுவனத்தோடு சேர்ந்து தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அதன் ஸ்டியரிங் கியர் ஆலைதான் பூதகுடியில் இருப்பது. அந்தப் பிரிவுக்கு 2005இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதும் கிடைத்தது.

அதே மாவட்டத்தின் தென்பக்கம் திருமயம் வட்டாரம். ராயவரம், ராமச்சந்திரபுரம், நச்சாந்துபட்டி என்று செட்டிநாட்டு ஊர்கள் வரிசையாக வரும். பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணம் இங்கே வீடாக நின்றது. சில வீடுகளில் காராகவும் நின்றது. அப்படி ஒரு காரை, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஏதோ ஒரு இங்கிலீஷ் வண்டி என்று வைத்துக்கொள்வோம், மறுபடி ரோட்டில் ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு எஞ்சின் பெரும்பாலும் தலைவலி தராது. பிஸ்டன் கிடைக்காவிட்டால் வேறு பிஸ்டனைப் பொருத்தச் சிலிண்டரைக் கடைந்துவிடலாம். ஸ்டியரிங்கில் அந்தச் சலுகை கிடையாது. ஸ்டியரிங் பாக்ஸைத் திறந்தால் உள்ளே திருகுபோன்ற வார்ம் தேய்ந்திருக்கும். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடியிருக்கும்.

எல்லாப் பழைய காருக்கும் இந்தக் கதி என்று சொல்ல முடியாது. 2014 மே வரை உற்பத்தியில் இருந்த அம்பாசடருக்கு டை ராட் எண்ட் இன்றும் சாதாரணக் கடையில் கிடைக்கிறது. மோரிஸ் மைனருக்கு இங்கிலாந்தில் புதிதாகவே செய்து விற்கிறார்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் அதன் இங்கிலாந்து அண்ணனான டிரையம்ஃப் ஹெரால்டின் புண்ணியத்தில் வழி உண்டு. சிக்கல், ஆயிரக்கணக்கில் ஓடாத வண்டிகளுக்குத்தான். பூதகுடி ஆலையிடம் போய் ‘எனக்கு ஒன்றே ஒன்று செய்து தாருங்கள்’ என்று கேட்க முடியாது. அங்கே ஒவ்வொரு எந்திரமும் ஒரே வடிவத்தை நாள்தோறும் வெட்டுவதற்காக அமைக்கப்பட்டது. ஒற்றை உருப்படிக்குக் கடைசல் பட்டறைதான் கதி.

இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்திரத்தின் விலையில் தேடினால் பாதிதான் கிடைக்கும். ஆலையின் வேலை வரைபடத்தில் தொடங்குகிறது: பல் எத்தனை, சாய்வு எவ்வளவு, எந்த எஃகு, எத்தனை ஆழத்துக்குக் கடினம், எல்லாம் தாளில் இருக்கும். பட்டறையின் வேலை தேய்ந்த இரும்புத் துண்டில் தொடங்குகிறது. தாள் தொலைந்துவிட்டது. அந்தத் துண்டிலிருந்து தாளைத் திரும்ப எழுதுவதுதான் பழைய காருக்கு ஸ்டியரிங் பாகம் செய்வதில் பாதி விஞ்ஞானம். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதியும் அதைப் பற்றித்தான்.

ஸ்டியரிங் செய்கிற வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். விராலிமலைத் தேராகட்டும், ஆவுடையார்கோயில் தேராகட்டும், தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரங்கள் அச்சோடு நேராக நிற்கும். திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் தடுத்து, வழுக்கவிட்டு, தேரையே தரையில் உரசித் திருப்புகிறார்கள். நான்கு மாடவீதிக்கு அது போதும். வேகமாக ஓடும் வண்டிக்குப் போதாது. குதிரை வண்டிக்காரர்கள் முன் அச்சு முழுவதையும் நடுவில் ஒரு முளையில் சுழலவிட்டார்கள்; அதில் வளைவில் வண்டி கவிழும். 1886இல் கார்ல் பென்ஸ் செய்த முதல் மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரம் இருந்ததற்கு இந்தத் தலைவலியும் ஒரு காரணம். 1893இல்தான் அவர் நான்கு சக்கரத்துக்கு ஏற்ற ஸ்டியரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார்.

அதற்கான வழியை மியூனிக் நகரத்து வண்டிக் கொல்லர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் 1810களிலேயே கண்டுவிட்டார். அவருக்காக லண்டனில் 1818இல் காப்புரிமை பதிந்த ருடால்ஃப் ஆக்கர்மன் பெயர் நிலைத்துவிட்டது. ஊரான் வீட்டுப் பிள்ளைக்குப் பேர் வைத்தவர் பேரே நின்ற கதை, அறிவியலில் இது புதிதல்ல. யோசனை இதுதான். வண்டி வளையும்போது நான்கு சக்கரமும் ஒரே மையத்தைச் சுற்றி வர வேண்டும். உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் ஓடுகிறது. வெளிப்பக்கம் பெரிய வட்டத்தில். ஆகவே முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு திரும்பக் கூடாது. அம்பாசடரை எடுத்துக்கொண்டால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் 2.46 மீட்டர், முன்சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.36 மீட்டர். உட்சக்கரம் 35 டிகிரி திரும்பினால் வெளிச்சக்கரம் ஏறக்குறைய 27 டிகிரிதான் திரும்ப வேண்டும். எட்டு டிகிரி வித்தியாசம். இதை எந்தக் கணக்கீட்டுக் கருவியும் செய்யவில்லை. சக்கரத்தின் முளையிலிருந்து பின்னோக்கி நீளும் ஸ்டியரிங் ஆர்ம் சற்று உள்ளே சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வு ஏறக்குறையச் செய்துவிடுகிறது. இரண்டு ஆர்மின் கோட்டையும் பின்னால் நீட்டினால் பின் அச்சின் நடுவுக்குப் பக்கத்தில் சந்திக்கும்.

எனவே ஸ்டியரிங் ஆர்ம் ஒன்று வளைந்துபோய், அதை ‘சுமாராக’ நிமிர்த்திப் போட்டால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. திருப்பத்தில் டயர் கத்தும், ஆறு மாதத்தில் ஓரம் மழுங்கும். வளைந்த ஆர்மை அளந்து புதியது செய்கிறவர் உண்மையில் வளைவைத்தான் நகலெடுக்கிறார். எதிர்ப்பக்கத்து ஆர்ம் நன்றாக இருந்தால் அதைக் கண்ணாடிப் பிம்பமாக எடுத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். இரண்டும் கெட்டிருந்தால் சக்கர இடைவெளிகளை அளந்து கோடு போட்டுக் கணக்கில் இறங்க வேண்டும்.

இப்போது பாக்ஸுக்குள் வருவோம். சக்கரம் பிடிப்பவரின் கை பலத்தைப் பெருக்கி, சுற்றுவதை இடவலமாக மாற்றுவது அதன் வேலை. பழைய கார்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. மோரிஸ் மைனர், அம்பாசடர், ஹெரால்டு போன்றவை ரேக் - பினியன் குடும்பம்: நீளமான பல் சட்டத்தைச் சின்னப் பல்சக்கரம் இடவலமாக இழுக்கும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அந்தக் காலத்தில் பெரிய பெருமை. இன்னொரு குடும்பம் வார்ம் வகை. ஸ்டியரிங் தண்டின் முனையில் திருகுபோல் மரை வெட்டிய வார்ம். அதில் கடித்து அசையும், வட்டத்தின் துண்டு போன்ற பல் பாகமான செக்டார் அல்லது ரோலர். ஃபியட் 1100 இந்த வகை. மகிந்திரா ஜீப்பின் ராஸ் கேம் - லீவர் ஒன்றுவிட்ட சகோதரன். போருக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கம்தான்.

வார்மில் ஒளிந்திருக்கும் நுட்பம் அதன் மரைச் சாய்வு. இரும்பும் இரும்பும் எண்ணெயில் உரசும்போது உராய்வுக் கெழு 0.1 என்று கொண்டால், அதற்குரிய கோணம் 5.7 டிகிரி. மரை அதைவிடப் படுத்திருந்தால் வார்ம் செக்டாரைத் தள்ளும். செக்டாரால் வார்மைத் திருப்பித் தள்ள முடியாது. பள்ளத்தின் அடி கைக்கு வராது, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திருப்பம் முடிந்தபின் ஸ்டியரிங்கும் தானாக நேருக்கு வராது. ஓட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ரோடு கைக்குச் சொல்லும் சேதியும் நின்றுவிடும். அதனால் அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் சாய்வை இந்த எல்லைக்குச் சற்று மேலே வைத்தார்கள்: அடி கொஞ்சம் வரட்டும், சக்கரமும் கொஞ்சம் திரும்பட்டும் என்று. புதிய வார்ம் வெட்டும்போது சாய்வில் ஒன்றிரண்டு டிகிரி பிசகினால் பாகம் அழகாகப் பொருந்தும். வண்டியின் குணம் மாறிவிடும். 1940இல் ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு, வார்முக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகளை உருளவிட்டு இந்தச் சண்டையைத் தீர்த்தது. சறுக்கல் உருளலானதும் உராய்வு மிகவும் குறைந்துவிட்டது. கனரக வண்டிகளின் பவர் ஸ்டியரிங்கிலும் அந்தக் குண்டுகளின் வாரிசுகள்தான் ஓடுகின்றன.

இனி தேய்மானம். ஸ்டியரிங் பாக்ஸ் எல்லா இடத்திலும் சமமாகத் தேய்வதில்லை. கார் தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் வண்டி நடுப்பல்லிலேயே இப்படியும் அப்படியும் சின்னதாக ஆடிக்கொண்டு வருகிறது. முழுக்கத் திருப்புவது கொட்டகையில் விடும்போது, குறுகலான தெருவில் மடக்கும்போது. அதுவும் மெதுவான வேகத்தில். ஆகவே நடுவில் நாலைந்து பல் கரைந்து மெலிந்திருக்கும். இரு ஓரத்துப் பல்லும் ஆலையை விட்டு வந்த மேனிக்கு இருக்கும். தேய்ந்த பாகத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் எழுதியிருப்பது வடிவமைத்தவர். நடுவில் எழுதியிருப்பது ரோடு. அனுபவமுள்ள கியர் கட்டிங் ஆள் வெர்னியரை முதலில் வைப்பது ஓரத்துப் பல்லில்தான்.

ஆட்டம் அதிகமானால் பாக்ஸின் மேலிருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்குருவை இறுக்குவது எல்லோரும் செய்கிற வைத்தியம். நடுப்பல் மெலிந்த பாக்ஸில் அது ஆபத்து. நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரப் பல்லுக்கு இடமே இருக்காது. நேராகப் போகும்போது சரியாக இருக்கிற ஸ்டியரிங், திருப்பத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வளைவில் கை இறுகுவதைவிட நேர் ரோட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது மேல் என்பேன்.

சில வார்ம் பாக்ஸ்களைச் செய்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். 1920கள், 30களின் சில கார்களில் செக்டாருக்குப் பதில் முழு வட்டப் பல்சக்கரமே இருக்கும். வேலை செய்வது அதில் கால் பங்கு பற்கள்தான். அந்தப் பகுதி தேய்ந்தால் சக்கரத்தைக் கழற்றி 90 டிகிரி திருப்பி மாட்டினால் போதும், புதுப் பற்கள் வேலைக்கு வந்துவிடும். வாங்கும்போதே வண்டிக்குள் மூன்று உதிரிபாகம் வைத்துக் கொடுத்த மாதிரி. இன்றைய வண்டி எதிலாவது இந்தத் தாராளம் உண்டா என்று தேடிப்பார்த்துச் சலித்துக்கொள்வதுண்டு.

ஓரத்துப் பல்லை நம்பு என்ற விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதைத் தெரியாமல் நகலெடுத்து வீணான பாகங்கள் உண்டு. வார்ம் - ரோலர் பாக்ஸில் வார்ம் நேர் உருளை அல்ல, இடுப்புச் சிறுத்த உடுக்கை வடிவம். ரோலர் வில்லாக அசைவதால் அதை விடாமல் தழுவ இந்த வடிவம். அதிலும் வேண்டுமென்றே ஒரு ஏற்பாடு செய்திருப்பார்கள்: நேர்ப்போக்கில் இடைவெளி சுழியம், இருபக்கமும் திரும்பத் திரும்பக் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடும். நடுப்பகுதி முதலில் தேயும் என்று தெரிந்து, தேய்ந்தபின் இறுக்குவதற்கு விட்ட இடம் அது. இங்கே ஓரத்தை மட்டும் அளந்து அதையே நடுவுக்கும் நீட்டினால், பிறந்த நாளிலிருந்தே நடுவில் ஆட்டமுள்ள வார்ம் கிடைக்கும். ரேக்கில் இந்தக் கவலை இல்லை. பெரும்பாலான பழைய ரேக்குகளில் எல்லாப் பல்லும் ஒரே அளவுதான்.

அளப்பதில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. ஒரு ரேக்கில் பத்துப் பல் இடைவெளியைச் சேர்த்து அளந்தால் 79.8 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்லுக்கு 7.98. அதை பையால் வகுத்தால் 2.54. பல்லின் அளவை நம் பட்டறைகளில் மாட்யூல் என்பார்கள், 2.5 மாட்யூல் கட்டர் எல்லாரிடமும் இருக்கும். ‘2.54 தானே, தேய்மானத்தில் வந்த வித்தியாசம், 2.5 போட்டுவிடலாம்’ என்று தோன்றும். ஆனால் 2.54 தற்செயலான எண் அல்ல, 25.4ஐப் பத்தால் வகுத்தது. இங்கிலீஷ், அமெரிக்க வண்டிகளின் பல் அங்குலக் கணக்கில் வெட்டியது. ஓர் அங்குல விட்டத்துக்கு இத்தனை பல் என்ற டயாமெட்ரல் பிட்ச் முறை. இந்த ரேக் சுத்தமான 10 டிபி. 2.5 மாட்யூலில் வெட்டினால் பத்துப் பல்லுக்கு 78.5 மில்லிமீட்டர்தான் வரும். ஒன்றேகால் மில்லிமீட்டர் பிசகு. பழைய பினியன் அதில் ஒரு பல் விட்டு அடுத்த பல்லுக்குப் போகும்போதே முட்டும். இந்தியா 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்கு மாறியது. அதற்கு முன் வந்த கார்கள் மாறவில்லை. இத்தாலியக் குடும்பத்து ஃபியட் மட்டும் பிறப்பிலேயே மெட்ரிக்.

மரைக்கும் இதே கதை. பழைய இங்கிலீஷ் வண்டிகளின் பிஎஸ்எஃப் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக்குக்கும் அமெரிக்க யுஎன்எஃப்புக்கும் 60. நட் இரண்டு சுற்று ஏறி நின்றால் தட்டி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்; ஸ்டியரிங்கில் அந்தப் பழக்கம் வேண்டாம். டை ராடின் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரையாக இருப்பது சக்கரங்களின் உள்நோக்கைச் சரிசெய்ய வசதியாக. ராடை ஒரு பக்கம் சுழற்றினால் இரு முனையும் ஒன்றாக நீளும் அல்லது குறுகும்.

டை ராட் எண்டின் குண்டுக்குக் கீழே கூம்பாகச் சரியும் தண்டு ஆர்மின் துளைக்குள் இறங்கி உட்காரும். அந்தக் கூம்பு முழு நீளமும் துளையைத் தொட வேண்டும். நீலச் சாயத்தை மெல்லத் தடவிச் செருகி எடுத்தால், எங்கே தொட்டது எங்கே தொடவில்லை என்று தெரிந்துவிடும். மேல் நுனியில் மட்டும் தொட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் தண்டு துளைக்குள் நுண்ணிதாக வளைந்து நிமிரும். எந்தச் சுமையும் எஃகின் பலத்தைத் தாண்டாது. இருந்தும் லட்சக்கணக்கான முறை வளைந்தபின் விரிசல் விட்டு ஒரு நாள் துண்டாகும். உலோகச் சோர்வு என்ற இந்தச் சங்கதியை 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் உடைந்தபோது ஆராய்ந்து காட்டியவர் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் தவறான கூம்பைச் சரியாக்க முடியாது.

எந்த எஃகு என்ற கேள்விக்கு இன்று பதில் சுலபம்; சில நிமிடத்தில் கலவையைச் சொல்லும் நிறமாலைக் கருவிகள் வந்துவிட்டன. அதற்கு முன்னால் சாணைக்கல்லில் உரசி, பறக்கும் பொறியின் கிளைகளைப் பார்த்து கார்பனை மதிப்பிட்ட கண்கள் இருந்தன. பினியனுக்கும், முன்சக்கரம் திரும்பும் முளையான கிங் பின்னுக்கும் வழக்கமாகப் போடுவது கார்பன் குறைந்த, நிக்கலும் குரோமியமும் கொஞ்சம் சேர்ந்த எஃகு. பட்டறை மொழியில் இஎன் 353 அல்லது இஎன் 36. இதில் கார்பன் 0.2 சதவீதத்துக்குள்தான். அப்படியே தோய்த்தால் பல் தேய்மானத்தைத் தாங்கும் அளவுக்குக் கடினமாகாது. அதனால் சுமார் 920 டிகிரி சூட்டில் கார்பன் நிறைந்த சூழலில் வைக்கிறார்கள். கார்பன் அணுக்கள் மேற்பரப்பிலிருந்து உள்ளே மெதுவாக ஊடுருவும். ஒரு மணி நேரத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் போகும். அதைப் போல இரண்டு பங்கு ஆழம் வேண்டுமென்றால் இரண்டு மணி போதாது, நான்கு மணி வேண்டும். ஊடுருவலின் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தில்தான் வளரும். பிறகு எண்ணெயில் தோய்த்தால் கார்பன் ஏறிய தோல் மட்டும் கண்ணாடிபோல் கடினமாகும். உள்ளே சதை வளையும் தன்மையோடு நிற்கும்.

கிராமத்துக் கொல்லர் அரிவாளின் வாய்ப்பக்கத்தை மட்டும் தோய்த்து முதுகை விட்டுவிடுவதும் இதே காரணத்துக்குத்தான். ஸ்டியரிங் பாகம் எதற்கும் பொதுவான கட்டளை ஒன்று உண்டு: பள்ளத்தில் விழுந்தால் வளையலாம், உடையக் கூடாது. வளைந்த டை ராடோடு வண்டியை ஓரங்கட்டலாம். உடைந்ததோடு முடியாது. முழுக்கக் கடினமாக்கிய பாகம் எளிதில் தேயாது, ஆனால் உடைந்துவிடும். அதை விரும்பிச் செய்து தருகிறவரிடமிருந்து விலகி நிற்பது நல்லது.

தோய்க்கும்போது எஃகின் உள்கட்டமைப்பு மாறிச் சற்றே உப்பும். மெல்லிய நீளப் பாகம் வளையவும் செய்யும். ஆகவே தோய்ப்பதற்கு முன் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்களை மிச்சம் விட்டு வெட்டி, பிறகு கிரைண்டிங்கில் சரியளவுக்குக் கொண்டுவருகிறார்கள். நிறைய கிரைண்ட் செய்தால் கஷ்டப்பட்டு ஏற்றிய கார்பன் தோலே போய்விடும். ரேக்குக்கு வேறு வழி: 0.4 சதவீதக் கார்பன் உள்ள இஎன் 8 போன்ற எஃகில் பல் வெட்டி, தாமிரச் சுருளில் அதிர்வெண் மிகுந்த மின்சாரம் பாய்ச்சிப் பல் பகுதியை மட்டும் நொடிகளில் சிவக்கவைத்துத் தண்ணீர் பீய்ச்சுவது. ஒற்றைப் பாகத்துக்கு அந்தச் சுருளைத் தனியாகச் செய்வது பாகத்தைவிடச் செலவாகும் என்பதால், பட்டறைகள் ஒத்துவரும் பழைய சுருளைத் தேடி ஊர் ஊராகப் போன் போடும்.

திருச்சியைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பெல் ஆலையை நம்பி வளர்ந்த தொழிற்கூடங்கள் திருவெறும்பூர், துவாக்குடி தொடங்கி புதுக்கோட்டை மாவட்டத்து மாத்தூர் வரை இருக்கின்றன. கொதிகலன் வேலையில் பழகிய அந்த வெல்டர்களின் கை சாதாரணக் கையல்ல. அதனாலேயே ஆசை வரும்: தேய்ந்த பல்லில் வெல்டு ஏற்றி, கடைந்து, முடித்துவிடலாமே? கொதிகலன் தகடு வெல்டுக்கென்றே தேர்ந்த எஃகு. முன்கூட்டிச் சூடேற்றி, பின் மெல்ல ஆறவைத்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். ஸ்டியரிங் ஆர்மின் எஃகு அப்படிப்பட்டதல்ல. வெல்டின் ஓரத்தில் சட்டென்று ஆறும் மெல்லிய பட்டை நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்; அதை ஒட்டி இன்னொரு பட்டை தன் பதத்தை இழந்து மெத்தென்று ஆகும். விரிசல் பிறக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. வெல்டர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் இந்த இயற்பியல் மாறாது.

பழைய கார்ப் பிரியர்களுக்குப் பளபளப்பு பிடிக்கும். குரோம் பூச்சு போட்ட டை ராடைக் காட்சியில் பார்த்திருக்கிறேன், கண்ணுக்கு அழகு. மின்பூச்சுத் தொட்டியில் குரோமியத்தோடு ஹைட்ரஜனும் பிறக்கிறது. உலகின் மிக லேசான அந்த அணு கடின எஃகுக்குள் புகுந்து, இழுவிசை அதிகமுள்ள இடங்களில் கூடி, எஃகை ஓசையில்லாமல் நொறுங்கவைக்கும். பூச்சு முடிந்த உடனே 190 டிகிரி வாக்கில் பல மணி நேரம் அடுப்பில் வைத்தால் பெரும்பகுதி ஹைட்ரஜன் வெளியேறிவிடும். இந்த வகை மின்வேதியியலுக்கென்றே நாட்டின் ஆராய்ச்சி நிலையம் பக்கத்து ஊரான காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தர, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது. இருந்தும் பூச்சுக்கடையில் ‘அடுப்பில் வைத்தீர்களா’ என்று கேட்கிற வாடிக்கையாளர் அபூர்வம். ஸ்டியரிங்குக்குக் கறுப்புப் பெயின்ட் போதும்.

பாக்ஸின் கூடு உடைந்திருந்தால் வார்ப்புக்குப் போக வேண்டும். பழைய கூட்டையே அச்சாக மண்ணில் பதித்தால், வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கி, துளைகளின் இடைவெளி கெட்டுவிடும். இப்போது கூட்டை ஸ்கேன் செய்து, கணினியில் அந்த 1 சதவீதத்தைக் கூட்டி, அச்சைப் பிளாஸ்டிக்கில் அடுக்கி எடுக்கிறார்கள். ரப்பர் உறைகளும் புஷ்களும் அச்சு செய்தால் எளிதில் கிடைப்பவை; அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

செய்து முடித்த பாகத்தைக் கண் பார்த்து ஏற்கக் கூடாது. காந்தமேற்றி, எண்ணெயில் கலந்த நுண்ணிய இரும்புத்தூளை ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலின் ஓரம் தூள் கோடாக ஒட்டி நிற்கும். அந்த வசதி இல்லாத இடத்தில் சிவப்புச் சாயத்தை ஊறவைத்துத் துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்க்கலாம்; விரிசலில் ஒளிந்த சாயம் மேலே கசிந்து காட்டிக்கொடுக்கும்.

சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி, ஸ்டியரிங் சக்கரத்தில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்கிறது. 16 அங்குல ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் 30 டிகிரி என்பது பத்து சென்டிமீட்டருக்கும் மேல். அவ்வளவு ஆட்டத்தோடு நெடுஞ்சாலைக்குப் போக நான் துணிய மாட்டேன். 2021 ஜூலையில் வந்த அறிவிக்கை 50 வயது கடந்த வண்டிகளை ‘விஏ’ எழுத்தோடு தனியாகப் பதிய வழி செய்தது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது அது. ஸ்டியரிங்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. புதிதாகச் செய்த பினியன் பாதுகாப்பானதா என்று பார்க்கும் பொறுப்பு, நடைமுறையில், செய்தவர் மேலும் ஓட்டுகிறவர் மேலும்தான் விழுகிறது.

பொருத்தியபின் முதல் ஓட்டம் மெதுவாக, காலி ரோட்டில். முன்சக்கரத்தின் சுழல் அச்சு சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், திருப்பம் முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நேருக்கு வரத் தொடங்க வேண்டும். வராமல் திருப்பின இடத்திலேயே நின்றால் பாக்ஸ் இறுக்கம் என்று அர்த்தம். அட்ஜஸ்டிங் ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்தி, லாக் நட்டைப் பிடித்து, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் ஆட்டம் இல்லாமலும் இரு ஓரம்வரை இறுகாமலும் ஓடும் இடம் கிடைக்கும்வரை இது நடக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிப் பல் ஒன்றுக்கொன்று பழகியதும் திரும்பவும் ஒரு முறை திறந்து, பல்லில் பளபளப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அப்போது கழற்றிய ஸ்பிளிட் பின்களை எறிந்துவிட்டுப் புதியதுதான் போட வேண்டும். ஒரு தடவை மடக்கி நிமிர்த்திய பின்னை மறுபடி மடக்குவதில்லை.